ஒற்றைச் சிப்பி முத்திரை

டீனி விஷார்ட் தன் கணவர் செய்த கோல்ஃப் மட்டையை யார் கையிலும் கொடுத்ததில்லை. ஸ்காட்லாந்துக் கடலோரத்துக் கில்ரெனன் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாதிரியார் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கோல்ஃப் சங்கத் தலைவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டார், அப்போதும் நடக்கவில்லை. அப்படியிருக்க, எதிர்க்கரை ஊரான ஆக்டர்லீயில் பிறந்து வளர்ந்த ஒருத்தி வந்து கேட்டால் மட்டும் தூக்கிக் கொடுத்துவிடுவாளா என்ன?

அந்த ஒருத்தியின் பெயர் இஷ்பெல் ரேங்கின். கில்ரெனன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். வயது முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் போக அவளுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய அந்த மட்டை. இன்னொன்று டீனி அம்மாளின் ஒரே மகன் மர்டோ.

மர்டோ துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் என்ஜினைப் பழுது பார்ப்பவன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாது. "அம்மா உன்னோட பழகட்டும், அப்புறம் கல்யாணப் பேச்ச எடுக்கறேன்" என்று இஷ்பெல்லிடம் சொல்லி இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

அந்த வருஷம் மாவட்ட அருங்காட்சியகத்தில் பழைய கோல்ஃப் மட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதில் பட்டிங் மட்டைகளின் வரலாற்றை எழுதும் பொறுப்பு இஷ்பெல்லுக்கு. பந்தை ஓங்கி அடிக்கிற மட்டைகளுக்கு ஊரெல்லாம் பெருமை பேச ஆள் உண்டு. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தை மெல்ல உருட்டி உள்ளே அனுப்புகிற இந்தச் சின்ன மட்டைக்குத்தான் சண்டையே. ஆட்டத்தை ஜெயிக்க வைப்பதும் அதுதான், மனுஷனை அழ வைப்பதும் அதுதான்.

சண்டை இதுதான். முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால், பந்தைத் தட்டுகிற தலையின் நடுவிலேயே பிடிகாம்பு இறங்குகிற மட்டைகள் அமெரிக்காவிலிருந்து வந்தன. அதை வைத்து ஆடினால் குறி தப்பாது என்று பேச்சு கிளம்பியதும், கோல்ஃப் விதிகளை வகுக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்கள் தடை போட்டுவிட்டார்கள். அப்போதுதான் ஒரு கொல்லன் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தான். காம்பைத் தலையின் ஓரத்தில், குதிகால் பக்கமாகவே சேர்த்தான். ஆனால் இரும்புக் கழுத்தை அன்னத்தின் கழுத்துப் போல் முன்னால் வளைத்துவிட்டான். காம்பின் கோடு தலையின் நடுவைப் பார்த்து நின்றது. விதிக்கு விதியும் ஆச்சு, கைக்கு வசதியும் ஆச்சு.

அந்தக் கொல்லன் யார்? கில்ரெனன்காரர்களைக் கேட்டால், எக் விஷார்ட். டீனி அம்மாளின் கணவர். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஆக்டர்லீயில் கேட்டால், லெய்ட்லா பட்டறை. லெய்ட்லா வடிவத்தைப் பதிவு செய்து எண்ணும் வாங்கி வைத்திருந்தார்கள். எக் எதையும் பதிவு செய்கிற ஆளில்லை. அடித்தார், விற்றார், மீதி நேரத்தில் ஆடினார். மர்டோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே காலமாகிவிட்டார்.

முதல் தடவை இஷ்பெல் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தபோது டீனி அம்மாள் ஓட்ஸ் மாவில் புரட்டிய ஹெர்ரிங் மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"உக்காரு டீச்சரம்மா. நாற்காலி கடிக்காது."

"நன்றி மிஸஸ் விஷார்ட்."

"அப்பா என்ன வேலை பார்த்தாரு?"

"ஆக்டர்லீ ஸ்டேஷன்ல டிக்கெட் கொடுத்துட்டிருந்தார்."

"ஆக்டர்லீ!" வாணலியில் மீன் சுர்ரென்றது. "நல்ல ஊரு."

"அம்மா..." என்று மர்டோ ஆரம்பித்தான்.

"நான் என்னடா தப்பா சொல்லிட்டேன்? நல்ல ஊருன்னுதானே சொன்னேன். அங்க மழை பெஞ்சாக்கூட 'இத மொதல்ல கண்டுபிடிச்சது நாங்கதான்'னு போர்டு மாட்டிருவாங்க. வேற ஒரு குறையும் கிடையாது."

இஷ்பெல்லுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் முடியவில்லை. டீனி அம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. கரண்டியோடு திரும்பி, முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு பெரிய மீனை அவள் தட்டில் வைத்தாள்.

அதன் பிறகு இஷ்பெல் பள்ளி முடிந்து அடிக்கடி வந்துபோனாள். மட்டையைப் பற்றிக் கேட்காமல், எக்கைப் பற்றிக் கேட்டாள். அதுதான் சரியான வழி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் டீனி அம்மாள் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "அவர் எங்கிட்ட கல்யாணம் பண்ணிக்கிறியான்னு வாயால கேட்கவே இல்ல, தெரியுமா?"

"பின்னே?"

"கொல்லனுங்க எல்லாம் செஞ்ச இரும்புல ஆளுக்கொரு முத்திரை குத்துவாங்க. இவருக்குச் சிப்பி. தலைக்குப் பின்பக்கம் ஒரு சிப்பி இருந்தா விஷார்ட் சரக்கு. அந்தக் குளிர்காலத்துல புதுசா ஒரு மட்டை அடிச்சு எடுத்துட்டு வந்தாரு. இதோ தொங்குதே, இதேதான். 'பாரு டீனி, கழுத்த வளைச்சிருக்கேன்'னாரு. எனக்கு மட்டையப் பத்தி என்ன தெரியும்? நான் ஹெர்ரிங் அறுக்கிற பொண்ணு. பார்த்தேன். பின்னாடி திருப்பிக் காட்டினாரு. 'இந்தச் சிப்பி தனியா கெடக்கு பாரு. பாவமா இல்ல? வசந்தத்துல இருந்து ரெண்டாக் குத்தலாமா?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஒண்ணு குத்தவே உனக்குக் கை கோணுது, ரெண்டு எப்படிக் குத்துவே?'ன்னேன்." டீனி அம்மாளின் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. "வசந்தத்துல கல்யாணம். அதுக்கப்புறம் அவர் கையால வெளிய போன ஒவ்வொரு இரும்புலயும் ரெண்டு சிப்பி."

இஷ்பெல்லின் மனம் உடனே கணக்குப் போட்டது. லெய்ட்லா பதிவு செய்தது அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம். வளைந்த கழுத்தும் ஒற்றைச் சிப்பியும் ஒரே மட்டையில் இருந்துவிட்டால் போதும். வழக்கு முடிந்தது. கண்ணாடிப் பேழையில் எக் விஷார்ட்டின் பெயர்தான் இருக்கும்.

"சாகறதுக்குள்ள அவர் பேர அந்தக் கண்காட்சியில ஒரு தடவ பார்த்துடணும்" என்றாள் டீனி அம்மாள். "பெரிய எழுத்துல. கண்ணாடி போடாமலே தெரியற மாதிரி."

மர்டோவின் வேனில் இருவரும் கரையோர ஊர்களெல்லாம் சுற்றினார்கள். எக் செய்த மட்டைகள் எங்கெங்கோ கிடந்தன. ஒன்று கோழிக்கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. இன்னொன்றை ஒரு மதுக்கடையில் கணப்புக் கிளறும் கம்பியாக்கியிருந்தார்கள். இஷ்பெல் ஒவ்வொன்றையும் தாளில் வைத்து விளிம்பை வரைந்துகொண்டாள். கழுத்தின் வளைவை அளந்தாள். முத்திரை மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அச்சை எடுத்தாள். எல்லாவற்றிலும் இரண்டு சிப்பிகள். பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு.

"பாரேன், எங்கப்பாவுக்கு இவ்வளவு காதல் இருந்திருக்கு" என்றான் மர்டோ, கோழி எச்சத்தைத் துடைத்துக்கொண்டே. "வீட்டுல 'உப்பு எடு', 'கதவச் சாத்து'ன்னு தவிர வேற பேசி நான் கேட்டதில்ல."

"பையன் அப்பா மாதிரியே இருக்கான்" என்றாள் இஷ்பெல்.

மர்டோவின் காது சிவந்தது. வேனை எடுக்கும்போது கியர் மாறி விழுந்தது.

இஷ்பெல் அந்தப் படங்களையெல்லாம் ஒரு நாள் டீனி அம்மாளின் மேஜையில் பரப்பினாள். கிழவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மதுக்கடைக் கதையைக் கேட்டதும், "என் புருஷன் வேலையால கணப்பைக் கிளறுறானா? அவன் மூஞ்சியக் கிளறணும்!" என்று கொதித்தாள். பிறகு எழுந்து, முக்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து மட்டையை இறக்கினாள். மர்டோ பிடிக்கப் போனான். "தள்ளு" என்றாள். மேஜை மேல் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்தாள்.

"பாரு. வெளிய மட்டும் எடுத்துட்டுப் போகக் கூடாது. நான் ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்."

மர்டோவும் பெட்ரோல் போடக் கிளம்பினான். இஷ்பெல் மட்டையை ஜன்னலோரம் கொண்டுபோனாள். இவ்வளவு அழகான கழுத்தை அவள் பார்த்ததில்லை. மற்றவையெல்லாம் துருப்பிடித்து, தடித்து, யாரோ எங்கோ மோதி வளைவு கெட்டுப்போனவை. இதில் வளைவு எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று விரல் சொல்லவே இல்லை. தண்ணீர் வளைவது போல் வளைந்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திருப்பினாள்.

ஒன்றுமில்லை.

வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்த்தாள். தாளை வைத்துத் தேய்த்தாள். தாள் முழுக்க ஒரே சாம்பல் நிறம். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது இரும்பு, குளிர்காலத்தில் உறைந்த குளம் போல வழவழவென்று அவள் முகத்தையே திருப்பிக் காட்டியது. விளிம்புகள்கூடத் தேய்ந்து மழுங்கியிருந்தன.

கதவு திறந்தது. டீனி அம்மாள் ரொட்டியோடு உள்ளே வந்தாள்.

"எப்படிப் பளபளக்குது பார்த்தியா?" அவள் குரலில் அப்படியொரு பெருமை. "ஒவ்வொரு சனிக்கிழமையும். ஞாயித்துக்கிழம ஆண்டவரோட நாள், அன்னிக்கு எதுவும் தொடக் கூடாது. அதனால சனிக்கிழமை சாயந்திரமே உருளைக்கிழங்கு சீவி, பூட்ஸுக்குக் கறுப்புப் போட்டு, அவர் மட்டைய சொரசொரப்பான எமரித் துணியால தேய்ச்சு வெச்சிருவேன். கல்யாணமான வாரம் ஆரம்பிச்சது. அவர் கண்ண மூடின வாரம்கூட விடல. கடல்காத்து அடிக்கிற ஊரு, விட்டா துரு தின்னுரும். இதுல ஒரு புள்ளி துரு காட்டு பார்ப்போம்!"

இஷ்பெல் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டாள். அந்தக் காலத்து இரும்பை எல்லா வீட்டிலும் அப்படித்தான் தேய்த்தார்கள். மற்ற வீடுகளில் ஆட்டக்காரன் செத்ததும் தேய்ப்பதும் நின்றது. இந்த வீட்டில் நிற்கவில்லை. அவ்வளவு வருஷத்துச் சனிக்கிழமைகளும் சேர்ந்து, ஒரு சிப்பியை இரும்பிலிருந்து துடைத்து எடுத்துவிட்டிருந்தன.

"இல்ல மிஸஸ் விஷார்ட்" என்றாள் மெதுவாக. "ஒரு புள்ளிகூட இல்ல."

அன்று மாலை துறைமுகச் சுவரில் உட்கார்ந்து மர்டோவிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோய்க் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதைத் தொடக்கூட விட்டதில்ல என்னை. நான் ஒரு தடவ கூட பின்பக்கம் பார்த்ததில்ல."

"உங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது மர்டோ."

"சொல்லாம? 'முத்திரை எங்க?'ன்னு கேட்பாங்களே."

"ஆதாரம் கிடைக்கலன்னு சொல்றேன்."

"உன்னைத் திட்டுவாங்க. ஆக்டர்லீன்னு ஆரம்பிச்சா என்ன ஆகும் தெரியும்ல?"

"திட்டட்டும். உங்கப்பா கேட்ட கேள்வி அந்தச் சிப்பிதான். அத நீங்களே அழிச்சிட்டீங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அப்புறம் எந்தச் சனிக்கிழமை அவங்களுக்கு நிம்மதி இருக்கும்?"

மர்டோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர் பார்க்கும் என்று எப்போதும் பயப்படுகிறவன், அன்று விடவில்லை.

அருங்காட்சியகத்தில் கிரைட்டன் என்பவர் பொறுப்பாளர். நல்ல மனிதர்தான், ஆனால் விரல் நுனிவரை ஒழுங்கு. "மிஸ் ரேங்கின், கொல்லரோட மனைவி சொன்னாங்கன்னு என்னால பேழை விளக்கக் கார்டுல போட முடியாது. எல்லா ஊர்லயும் எல்லா மனைவியும் அதேதான் சொல்வாங்க. முத்திரை இருக்கா? இல்ல. லெய்ட்லாகிட்ட பதிவு எண் இருக்கா? இருக்கு" என்று முடித்துவிட்டார்.

இஷ்பெல் செய்தியைத் தானே போய்ச் சொன்னாள். டீனி அம்மாள் அப்போது சூப்புக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லெய்ட்லா பேரா?"

"ஆமா மிஸஸ் விஷார்ட்."

"சிப்பி இருக்கே. ஒத்தச் சிப்பி."

"என்னால... படிக்க முடியல."

கத்தி நின்றது. "படிக்க முடியலையா, படிக்க மனசு வரலையா?"

இஷ்பெல் மேஜை ஓரத்துக்கு உருண்டு வந்த காரட் துண்டை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"நெனச்சேன். ரத்தம் எங்க போகும்? என் வீட்டு மீனைத் தின்னுட்டு, என் வாயக் கிளறிக் கதையெல்லாம் வாங்கிட்டு, கடைசியில உன் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டே. போயிட்டு வா டீச்சரம்மா. கதவ நல்லா இழுத்துச் சாத்து, காத்து வருது."

மர்டோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அம்மா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா..."

"மர்டோ!" என்றாள் இஷ்பெல். அவள் வகுப்பில்கூட அப்படி அதட்டியதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அதன் பிறகு டீனி அம்மாள் ஆக்டர்லீ என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கவில்லை. அது திட்டுவதைவிட மோசம். மர்டோ சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூடக் கேட்காமல் தின்றுவிட்டு எழுந்தான். அம்மாவிடமும் பேசவில்லை, துறைமுகத்தில் யாரிடமும் பேசவில்லை. தெருவில் இஷ்பெல்லைப் பார்த்தால் மட்டும் நின்றான். "போதும், நான் சொல்லிடறேன்" என்பான். "வேண்டாம்" என்பாள் அவள். இந்த இழுபறியில் எங்கே அவனும் கைவிட்டுப் போய்விடுவானோ என்று பயந்துகொண்டே, ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றாள்.

மகனின் மௌனம் டீனி அம்மாளையும் அரித்தது. ஒரு சனிக்கிழமை அவளே அவனிடம் சொன்னாள்: "போய் அந்த டீச்சரக் கூட்டிட்டு வா. கண்ணு தெரியாதவளுக்கு நான் விரல வெச்சுக் காட்டறேன். அப்பவாவது போய் அந்த மியூசியத்து ஆள்கிட்ட சொல்லட்டும்."

மர்டோவின் முகம் வெளுத்தது. "வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்? போ."

இஷ்பெல் வந்தபோது மட்டை ஏற்கனவே மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் மடித்து வைத்த எமரித் துணி. டீனி அம்மாள் நல்ல கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள், பிரசங்கத்துக்குப் போகும்போது மட்டும் போடுகிற கண்ணாடி. மர்டோ உள்ளே வரவே மாட்டேன் என்று கரி எடுக்கப் போய்விட்டான்.

"இங்க வா. இங்க நில்லு. குதிகாலுக்குக் கொஞ்சம் தள்ளி, இந்த எடத்துல..."

அவள் விரல் இரும்பின் மேல் போனது. நின்றது. கொஞ்சம் இப்படி நகர்ந்தது. கொஞ்சம் அப்படி. மட்டையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். தினமும் பார்க்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்? அவள் கை அதைத் தேய்த்துக்கொண்டிருந்தது, கண் உருளைக்கிழங்கு வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே ஒரு ஆயுசு போயிருந்தது.

"இங்கதான் இருந்துச்சு" என்றாள். குரல் சின்னப் பெண்ணின் குரல் போல ஆகிவிட்டது. "தேய்க்கறப்போ கட்ட விரல்ல முட்டும்."

"உப்புக்காத்து, மிஸஸ் விஷார்ட்" என்று இஷ்பெல் அவசரமாகச் சொன்னாள். "கடலோரத்துல இரும்ப அது தின்னுடும். எத்தனையோ மட்டையில பார்த்திருக்கேன்."

"இதையா? இதுல உப்புக்காத்துக்கு எங்க நேரம் கொடுத்தேன் நான்?"

டீனி அம்மாளின் பார்வை மட்டையிலிருந்து எமரித் துணிக்குப் போனது. துணியிலிருந்து தன் கட்டை விரலுக்கு. பிறகு இஷ்பெல்லின் முகத்துக்கு. அங்கே அவளுக்கு வேண்டியது எல்லாம் எழுதியிருந்தது போலும். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு? நான் ரொட்டி வாங்கப் போன அன்னிக்கே?"

இஷ்பெல் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"நான் அவ்வளவு பேசினேனே. ரத்தம், ஊரு, அது இதுன்னு. அப்பக்கூட ஏன் வாயத் திறக்கல நீ?"

"என்னால முடியல."

டீனி அம்மாள் அழவில்லை. மட்டையை மடியில் போட்டுக்கொண்டு, முத்திரை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சூப்பு கொதித்து மூடி தாளம் போட்டது. இஷ்பெல் போய் மூடியை நகர்த்திவிட்டு வந்து, கிழவியின் காலடியில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நாங்க பார்த்த மத்த மட்டையெல்லாம் கழுத்து கெட்டுப் போச்சு" என்றாள். "துரு ஏறி அந்த வளைவே தெரியல. அவர் என்ன நெனச்சு வளைச்சாருன்னு முழுசாத் தெரியறது இந்த ஒண்ணுலதான். நீங்க வெச்சதாலதான் அது இருக்கு. சமாதானத்துக்குச் சொல்லல. அளந்து பார்த்திருக்கேன்."

டீனி அம்மாள் கேட்டாளா என்று தெரியவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் அந்த மூலையிலதான் உக்காருவாரு" என்றாள். "நான் தேய்ப்பேன், அவர் பைப் குடிச்சுக்கிட்டே பார்த்துட்டு இருப்பாரு. கொல்லன் அவர். எமரி இரும்ப என்ன பண்ணும்னு அவருக்குத் தெரியாதா? சிப்பி கொஞ்சம் கொஞ்சமா மங்கறதப் பார்த்திருப்பாரே. ஒரு வார்த்த சொன்னதில்ல. 'நல்லாப் பளபளக்குது டீனி'ம்பாரு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவளே அந்த வார்த்தைகளைக் கேட்டது போல் நிறுத்தினாள். பிறகு கையை நீட்டி இஷ்பெல்லின் தலைமுடியை, நெற்றியிலிருந்து பின்னால் ஒதுக்கிவிட்டாள். கரடுமுரடான, மீன் அறுத்த கை.

"நீயும் அவர மாதிரியே ஒரு கழுதை" என்றாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, பொண்ணே?"

இப்போது அழுதது இஷ்பெல்தான். கிழவி தன் சமையல் ஏப்ரன் நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்த துணியில் மாவு இருந்ததால் இஷ்பெல்லின் மூக்கு வெள்ளையானது.

கொஞ்ச நேரம் கழித்து டீனி அம்மாள் கேட்டாள்: "அந்த கிரைட்டன் இதப் பேழையில வெப்பானா?"

"வெக்க ரொம்ப ஆசைப்படறார். ஆனா கார்டுல லெய்ட்லா பதிவு எண்ணப் போட்டு, 'யார் முதலில் செய்தது என்று தெரியவில்லை'ன்னுதான் முடிப்பாராம்."

"தெரியலையாம்ல!" கிழவியின் கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "என் மாமா மகன் டகல் ஒருத்தன் இருந்தான். எஸ்டேட் ஆத்துல சால்மன் மீனு திருடினான்னு கோர்ட்டுல நிறுத்தினாங்க. சாட்சிக்காரனுக்கு இருட்டுல முகம் தெரியலையாம். குத்தவாளின்னும் சொல்ல முடியல, நிரபராதின்னும் சொல்ல மனசு வரல. நம்ம நாட்டுலதான் மூணாவதா ஒரு தீர்ப்பு இருக்கே."

"நிரூபிக்கப்படவில்லை" என்றாள் இஷ்பெல்.

"அதேதான். ஜட்ஜ் வாயால சொன்னாரு. அன்னிக்கு ஊரே உக்காந்து அந்த மீனத் தின்னுச்சு!" டீனி அம்மாள் மேஜையைத் தட்டினாள். "அந்தத் தீர்ப்புக்கு என்ன அர்த்தம்னு ஸ்காட்லாந்துல பொறந்த எந்தக் கொழந்தையும் சொல்லும். செஞ்சது அவன்தான், கையும் களவுமாப் பிடிக்க முடியல, அவ்வளவுதான். அதப் போடச் சொல்லு அந்த ஆள. 'வளைந்த கழுத்தை முதலில் செய்தவர் கில்ரெனன் எக் விஷார்ட். நிரூபிக்கப்படவில்லை.' பொய்யா?"

இஷ்பெல் மனதுக்குள் கிரைட்டனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அவரால் ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாது. "பொய்யே இல்ல. சுத்தமான உண்மை."

"பெரிய எழுத்துல."

"பெரிய எழுத்துல."

"லெய்ட்லா வீட்டு ஆளுங்க வந்து படிக்கறப்போ நான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில், கரிவாளியோடு கதவைத் திறந்த மர்டோ அப்படியே வாசலில் நின்றுவிட்டான். அம்மாவின் மடியில் மட்டை. அவள் கால்மாட்டில் இஷ்பெல், கண் சிவந்து, மூக்கு வெளுத்து.

"என்ன நடக்குது இங்க?"

"கோர்ட் நடக்குது" என்றாள் டீனி அம்மாள். "உங்கப்பா கேஸ் முடிஞ்சுது. அடுத்தது உன்னுது. இந்தப் பொண்ண ரெண்டு குளிர்காலமா வாசல்ல காக்க வெச்சிருக்கே. என்ன சொல்றே?"

மர்டோ கரிவாளியைக் கீழே வைத்தான். இஷ்பெல்லைப் பார்த்தான். அவன் காது சிவப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்தத்த ஒத்துக்கறேன்" என்றான்.

"அப்ப திங்கக்கிழமை காலைல போய்ப் பாதிரியாரைப் பாரு. நாளைக்கு வேண்டாம், ஆண்டவரோட நாள். இப்ப கையக் கழுவிட்டு வா, சூப்பு ஆறுது."